அப்புச்சியின் கன்னத்தில் கதவு வெளிச்சம்: ஒரு முகப்படத்துக்கு விளக்கு தேர்ந்தெடுத்த நிகழ்வு ஆய்வு

வந்த வேலை

ஈரோட்டில் நான் வைத்திருப்பது சின்ன ஸ்டூடியோ. 12 அடி அகலம், 20 அடி நீளம், கூரை 9 அடி. பாஸ்போர்ட் படம், குழந்தைப் படம், கல்யாண ஜோடிப் படம் என்று அன்றாட வேலை ஓடும். போன தை மாதம் பவானியிலிருந்து ஒரு பெண் வந்தார். "எங்க அப்புச்சியை ஒரு படம் எடுக்கோணுங்க. உசுரோட இருக்கறப்பவே எடுக்கோணும்" என்றார். அப்புச்சி என்றால் எங்கள் பக்கத்தில் அம்மாவின் அப்பா.

அந்த இரண்டாவது வாக்கியம் எனக்கு உடனே புரிந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் பெரியவர்களின் பெரிய படம் பெரும்பாலும் அவர்கள் போன பிறகுதான் உருவாகும். ராத்திரி பேரன் பதறிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடி வருவான். கையில் ஆதார் அட்டை இருக்கும், இல்லையென்றால் கல்யாண ஆல்பத்தில் பின் வரிசையில் நிற்கிற ஒரு முகம் இருக்கும். அதை வெட்டி, பெரிதாக்கி, பின்னால் நீல நிறம் கொடுத்து, விடிவதற்குள் சட்டம் போட்டுத் தருவோம். அப்புறம் அந்த வீட்டுக் குழந்தைகள் காலமெல்லாம் பார்த்து வளர்வது அந்த முகத்தைத்தான். இந்த வேலையை நான் நிறையச் செய்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கனத்துத்தான் செய்திருக்கிறேன். அதனால் இந்தப் பெண் கேட்டது எனக்குப் பெரிய வேலையாகப் பட்டது.

பெரியவருக்கு வயது 78. வாழ்நாள் முழுக்க ஜமக்காளம் நெய்தவர். முழங்கால் முடியாமல் 2 வருடம் முன்பு தறியை விட்டு எழுந்துவிட்டார். 20க்கு 30 அங்குலத்தில் ஒரே ஒரு படம் வேண்டும், கூடத்தில் மாட்ட. பேத்தி சொன்ன ஒரே நிபந்தனை: "பார்த்தா அப்புச்சின்னு தெரியோணும்."

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, மாலை போடறதுக்குங்களா?" என்று கேட்டார். பேத்திக்குக் கண் கலங்கிவிட்டது. "இல்லீங் அப்புச்சி, நாங்க பாத்துட்டே இருக்கறதுக்கு" என்றார். அவர் சரி என்று தலையாட்டினார்.

முதல் நாள்: மூன்று தவறான அமைப்புகள்

முதலில் வைத்தது ஃப்ளாஷ் மாட்டிய இரண்டு குடை. இடமும் வலமும் 45 பாகையில், ஒரே சக்தியில், 33 அங்குல வெள்ளைக் குடைகள். பாஸ்போர்ட் படத்துக்கு எப்போதும் நின்றுகொண்டிருக்கிற அமைப்பு. கை பழக்கத்தில் அதைப் போட்டுவிட்டேன். ஒரு விளக்கு உண்டாக்குகிற நிழலை இன்னொன்று அழித்துவிடும். அடையாள அட்டைக்கு அதுதான் தேவை. இங்கே அவருடைய கன்ன எலும்பு, நெற்றி மடிப்பு, மூக்கின் உயரம் எல்லாம் அமுங்கி, முகம் தட்டையாகிவிட்டது. ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு வெள்ளைப் புள்ளி. சட்டை வெளுத்து விவரமே இல்லாமல் போனது.

அடுத்து பியூட்டி டிஷ் என்கிற அகலத் தட்டு விளக்கு. முகத்துக்கு நேர் மேலே, கேமராவுக்குப் பின்னாலிருந்து கீழ்நோக்கி. மூக்குக்கு அடியில் சின்ன நிழல் விழும், கன்னம் எடுப்பாகும், இளம் முகத்துக்கு அழகாக வரும். இவருக்குக் கண்கள் உள்வாங்கியவை. மேலிருந்து வந்த ஒளி புருவத்தில் முட்டி நின்றுவிட்டது, கண்குழி இரண்டும் இருட்டு. கன்னத்துக் குழியும் சேர்ந்து, நன்றாக நடமாடுகிற மனிதரை நோயாளி மாதிரி காட்டியது. அந்தப் படத்தைப் பேத்திக்குக் காட்டாமலே அழித்தேன்.

மூன்றாவதாக 120 செ.மீ. ஆக்டாபாக்ஸை, அதாவது துணி போர்த்திய எட்டு மூலைப் பெட்டி விளக்கை, நேர் பக்கவாட்டில் வைத்தேன். முகம் நடுவில் பிளந்த மாதிரி பாதி வெளிச்சம், பாதி கறுப்பு. கம்பீரம் இருந்தது, ஆனால் அவர் சாந்தமான ஆள். படத்தில் இருந்தவர் யாரையோ மிரட்டிக்கொண்டிருந்தார்.

பேத்தி மூன்றாவது படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க, ஆனா அப்புச்சி மாதிரி இல்லீங்க" என்றார். அந்த வார்த்தைதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த உருப்படியான அளவுகோல். "அவரை நினைச்சா எப்படி நினைப்பு வரும்?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "தறியில உக்காந்து, நான் பள்ளிக்கூடம் விட்டு வர்றப்போ தலையைத் தூக்கிப் பாப்பாருங்க, அப்படி" என்றார். மூன்று அமைப்பையும் என் கையிலிருக்கிற சாமானைப் பார்த்து முடிவு செய்திருந்தேன். இந்தக் கேள்வியை விளக்கைத் தொடுவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பவானியில் பார்த்த வெளிச்சம்

இரண்டு நாள் கழித்து பவானிக்குப் போனேன். பவானி ஜமக்காளத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முரட்டுப் பருத்தி நூலில் அகலக் கோடுகளாக நெய்தது, எங்கள் பக்கத்தில் விசேஷ வீடென்றால் அதுதான் விரிப்பு. 2005-06இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. விஷயம் என்னவென்றால், அது குழித்தறியில் நெய்வது. நெய்கிறவர் குழியில் காலை இறக்கி, தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பார். என் வேலைக்கு இந்த உயரம்தான் எல்லாவற்றையும் விளக்கியது.

தறி இருந்த அறை இப்போது நூல் மூட்டை வைக்கிற இடமாகியிருந்தது. தறி போய்விட்டது, கதவு மட்டும் அப்படியே இருந்தது. கிழக்குப் பார்த்த ஒற்றைக் கதவு, 3 அடி அகலம், 6 அடி உயரம். தறியில் உட்கார்ந்தால் கதவு அவருக்கு இடப்பக்கம், முகத்திலிருந்து சுமார் 4 அடி. பெரியவரை அந்த இடத்தில் ஒரு பலகை போட்டு உட்காரச் சொன்னேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், வெயில் மேற்கே போய்விட்டது. கதவு வழியாக வந்தது நேர் வெயில் இல்லை, வானத்து வெளிச்சமும் தெரு வெளிச்சமும் மட்டும்.

தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். 6 அடிக் கதவில் பாதிக்கு மேல் அவர் கண்ணுக்கு மேலே இருக்கிறது. அதனால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தாலும், கொஞ்சம் மேலிருந்தும் வருகிறது. புருவத்துக்கு அடியில் புகுந்து கண்ணைத் தொடுகிறது. மூக்கின் நிழல் வலக் கன்னத்தில் சாய்ந்து விழுகிறது, கண்ணுக்குக் கீழே முக்கோணமாக ஒரு துண்டு வெளிச்சம் மட்டும் மிச்சம் நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தீட்டிய முகங்களில் இந்த முக்கோணம் இருப்பதால் போட்டோக்காரர்கள் இதை அவர் பெயரிலேயே சொல்வார்கள். பவானியில் ஒரு தறிக்கதவு அதே வேலையைத் தினமும் செய்துகொண்டிருந்தது.

சுவர்கள் அழுக்கேறிக் கறுத்திருந்தன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒளி திரும்பி வரவில்லை. அதனால்தான் அந்த நிழலுக்கு அத்தனை அழுத்தம்.

அங்கேயே எடுத்துவிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். எனக்கும் அதுதான் ஆசை. மூட்டைகளுக்கு நடுவில் கேமராவைப் பின்னால் கொண்டுபோக 3 அடிதான் இருந்தது. அவ்வளவு நெருக்கத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது சிறுத்து, முகத்தின் அளவே மாறிவிடும். தரையில் உட்கார்ந்து எழுவதும் அவருக்கு வேதனை. கதவின் அளவு, தூரம், திசை மூன்றையும் குறித்துக்கொண்டு, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு ஈரோடு திரும்பினேன்.

வேட்டியில் ஒரு கதவு செய்தது

இனி எனக்கு வேண்டிய விளக்கு என்னவென்று தெளிவாகத் தெரிந்தது: 3க்கு 6 அடியில் ஒரு ஒளிப்பரப்பு, முகத்திலிருந்து 4 அடியில். அந்த அளவில் சாஃப்ட்பாக்ஸ் (துணி போர்த்திய பெட்டி விளக்கு) என்னிடம் இல்லை.

நிழலின் ஓரம் மெத்தென்று இருப்பதும் கூர்மையாக இருப்பதும் விளக்கின் விலையைப் பொறுத்ததல்ல. முகத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியன் எவ்வளவு பெரியது, ஆனால் வெகுதூரத்தில் இருப்பதால் நமக்குச் சின்னப் புள்ளி, ஆகவே கூர்மையான நிழல். மேகம் மறைத்துவிட்டால் வானம் முழுக்க விளக்காகிவிடும், நிழல் கரைந்துபோகும். ஆக, ஒரு சாதாரண ஃப்ளாஷுக்கு முன்னால் பெரிய துணி ஒன்றைப் பிடித்தால் அந்தத் துணிதான் விளக்கு.

நான்கு முழ வேட்டி ஒன்றை எடுத்தேன். சட்டம் செய்ய ஆசாரியிடம் 4 ரீப்பர் கட்டை வாங்கி, 3க்கு 6 அடியில் அடித்து, வேட்டியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டினேன். அதற்குப் பின்னால் 4 அடியில் 400 வாட்-செகண்ட் ஃப்ளாஷ், குடையில்லாமல், சாதாரண ரிஃப்ளெக்டரோடு. ஒளி துணி முழுக்கப் பரவுகிறதா என்று ஃப்ளாஷிலேயே எரிந்துகொண்டிருக்கிற சின்ன மாடலிங் விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நடுவில் மட்டும் பளிச்சென்று இருந்தால் ஃப்ளாஷை இன்னும் பின்னால் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெரிய துணி கட்டியும் சின்ன விளக்கின் பலன்தான் கிடைக்கும்.

இதில் ஒரு தடங்கல் வந்தது. சோதனைப் படத்தில் எல்லாம் நீலம் பூத்திருந்தது. வேட்டிக்குப் போட்ட நீலமும், சலவைத்தூளில் இருக்கிற வெண்மையூட்டியும் செய்த வேலை. அந்த வெண்மையூட்டி புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும், ஃப்ளாஷில் புற ஊதாவும் கொஞ்சம் வரும். வெளுக்காத கோராத் துணியாக இருந்தால் எதிர்ப்பக்கம், மஞ்சள் ஏறியிருக்கும். பெரியவர் உட்காரும் இடத்தில் சாம்பல் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்து, அதைக் கொண்டு கேமராவில் வெள்ளைச் சமநிலையை அமைத்ததும் சரியாகிவிட்டது.

எல்இடி ஏன் இல்லை என்று தொழில் நண்பர் ஒருவர் கேட்டார். எரிந்துகொண்டே இருக்கிற விளக்கு வசதிதான், நிழல் எங்கே விழுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் லென்ஸ் துளையை எஃப்/8 அளவுக்குச் சுருக்கி எடுக்கத் துணிக்குப் பின்னாலிருந்து போதுமான ஒளி வர வேண்டுமானால் அதை மிகவும் பிரகாசமாக எரியவிட வேண்டும். வயதானவர் கண் கூசும், கண்பாப்பா சுருங்கிப்போகும். இன்னொன்று, என்னிடம் இருக்கும் மலிவு எல்இடியில் சிவப்பு குறைவு. நம் ஆட்களின் தோலில் இருக்கிற சூட்டை அது உறிஞ்சிவிடுகிறது, கறுத்த முகம் சாம்பலடித்துத் தெரிகிறது. நிறம் காட்டும் தரம் (சிஆர்ஐ) 95க்கு மேல் உள்ள நல்ல எல்இடியில் பெரும்பாலும் இந்தக் குறை வராது. ஸ்டூடியோவுக்குப் புதிதாக எல்இடி வாங்குகிறவர்கள் வாட்டைப் பார்ப்பதற்கு முன் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் நாள்

நாற்காலியில் உட்கார்ந்தால் பெரியவரின் கண் 4 அடி உயரத்துக்கு வருகிறது. தறிக்குழியில் இருந்த உறவு மாறாமலிருக்க, வேட்டிச் சட்டத்தின் மேல்விளிம்பை ஏழரை அடிக்கு உயர்த்திக் கட்டினேன். கேமராவுக்கு வலப்பக்கம் 65 பாகையில் சட்டம். அவரை முகத்தை மட்டும் 20 பாகை அளவுக்கு வெளிச்சத்தின் பக்கம் திருப்பச் சொன்னேன், கண் மட்டும் கேமராவைப் பார்க்கட்டும் என்று. பேத்தி வாசலில் வந்து நிற்கும்போது தலையைத் தூக்கிப் பார்க்கிற அதே திருப்பம்.

இப்படி வைத்தால் கேமராவுக்கு அருகிலிருக்கும் கன்னம் நிழலிலும், தூரத்துக் கன்னம் வெளிச்சத்திலும் இருக்கும். ஒட்டிய கன்னக்காரருக்கு இது கூடாது, அருகிலிருக்கும் கன்னத்தில்தான் ஒளி விழ வேண்டும், அப்போதுதான் முகம் நிறைந்து தெரியும் என்பது நான் கற்ற பாடம். அப்படியும் ஒன்று எடுத்துப் பார்த்தேன். காதும் தாடையும்தான் பிரகாசமாக வந்தன, பார்வை அங்கேயே போய் நின்றது. இவர் முகத்தைக் குண்டாக்கிக் காட்ட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. எலும்புதான் அவர் முகம்.

எதிர்ப்பக்கம் ஒன்றுமே இல்லாமல் எடுத்தபோது நிழல் பவானியை விடக் கெட்டியாக இருந்தது, ஏனென்றால் என் ஸ்டூடியோவில் அந்தப் பக்கச் சுவருக்குக் கறுப்புத் திரை போட்டிருக்கிறேன். நிழல் பக்கம் கொஞ்சம் ஒளி திரும்பி வர, 4க்கு 2 அடி வெள்ளைத் தெர்மாகோலை 5 அடி தள்ளி நிறுத்தினேன். ஒளியை அளக்கிற ஃப்ளாஷ் மீட்டரில் வெளிச்சக் கன்னம் எஃப்/8, நிழல் கன்னம் எஃப்/4. அதாவது இரண்டு ஸ்டாப் வித்தியாசம். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு, ஆகவே ஒரு பக்கத்துக்கு மறுபக்கம் 4 மடங்கு. தெர்மாகோலை ஓரடி கிட்டே கொண்டுவந்தால் முக்கோணம் மங்கியது, ஓரடி தள்ளினால் வலக்கண் இருட்டில் போனது. அன்றைய நேரத்தில் பாதி இந்தத் தெர்மாகோலை நகர்த்துவதில்தான் போயிற்று.

கேமராவில் ஐஎஸ்ஓ 100, 1/160 வினாடி, எஃப்/8, 85 மி.மீ. லென்ஸ், 8 அடித் தூரம். ஃப்ளாஷை அணைத்துவிட்டு இதே அளவில் ஒரு படம் எடுத்தேன், முழுக் கறுப்பாக வந்தது. அறையின் ட்யூப்லைட் படத்தில் கலக்கவில்லை என்று அதில்தான் உறுதியாகும்.

வெள்ளைச் சட்டை அடுத்த சிக்கல். கறுத்த முகம், வெளுத்த சட்டை, நரைத்த முடி மூன்றும் ஒரே ஒளியில் இருந்தால் சட்டைதான் ஜெயிக்கும். வேட்டிச் சட்டத்தின் கீழ் ஒன்றரை அடியைக் கறுப்புத் துணி போட்டு மூடினேன். மார்புக்கு வருகிற ஒளி ஏறக்குறைய ஒரு ஸ்டாப் குறைந்தது, சட்டையில் மடிப்பும் இழையும் தெரிந்தன, முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றலாமா என்று பேத்தி கேட்டார். கழற்றினால் அது வேறு ஆள். ஆனால் 6 அடித் துணி முழுவதும் வலப்பக்கக் கண்ணாடி வில்லையில் வெள்ளைப் பலகையாகத் தெரிந்தது. ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ அதே கோணத்தில்தான் திரும்பும். வில்லையின் சாய்வைக் கொஞ்சம் மாற்றினால் அந்தப் பிம்பம் கேமராவை விட்டு விலகிவிடும். கண்ணாடிக் கம்பியைக் காதுக்கு மேலே அரை விரல்கடை தூக்கிவிட்டேன். வில்லை கீழ்நோக்கிச் சாய்ந்தது, பிம்பம் விலகிப் போனது. கருவிழியில் மட்டும் நீளவாக்கில் ஒரு வெள்ளைத் துண்டு நின்றது. பெரிதாக்கிப் பார்த்தால் அது கதவு வடிவம்.

பின்னணிக்கு ஜமக்காளத்தைத் தொங்கவிடலாம் என்று மருமகன் சொன்னார். ஒரு படம் எடுத்துக் காட்டினேன். கோடுகள் தலைக்குப் பின்னால் ஓடி முகத்தை இழுத்துக்கொண்டன. அதை மடியில் விரித்தோம், சிவப்பும் பச்சையும் கறுப்புமாக அவரே நெய்தது. பின்னால் வெறும் பழுப்புத் திரை, அவரிலிருந்து 7 அடி தள்ளி. தூரம் இரட்டித்தால் ஒளி நாலில் ஒன்றாகும் என்ற கணக்கு சின்ன விளக்குக்குத்தான் அப்படியே பொருந்தும். இவ்வளவு பெரிய துணிக்கு ஒளி அதைவிட மெதுவாகக் குறையும். என்றாலும் 7 அடி போதுமானதாக இருந்தது, திரை தானாக இருண்டுவிட்டது.

கை

படத்தைத் திரையில் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தியது. அரை நூற்றாண்டுக்கு மேல் தறி நாடா தள்ளிய கைகள் அந்த ஜமக்காளத்தின் மேல் இருக்கின்றன, ஆனால் நான் மூடிய கறுப்புத் துணியால் இருட்டில் கிடக்கின்றன. 1941இல் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலைப் படம் எடுத்த கனடாப் போட்டோக்காரர் யூசுஃப் கார்ஷ், தன் முகப்படங்களில் கைகளுக்கென்று தனியாக விளக்கு வைத்தவர். அந்த நினைவில், ஸ்பீட்லைட் என்கிற சின்ன ஃப்ளாஷ் ஒன்றுக்கு, ஒளியைக் குறுக்குகிற தேன்கூட்டு கிரிட் மாட்டி, அதே வலப்பக்கத்திலிருந்து கைகளுக்கு மட்டும் கொடுத்தேன். முகத்தை விட ஒரு ஸ்டாப் குறைவாக. இரண்டு ஸ்டாப் குறைத்தால் தெரியவில்லை, சமமாக வைத்தால் கண் முதலில் கைக்குப் போனது. திசை ஒன்றாக இருந்ததால் இரண்டாவது விளக்கு இருப்பதே தெரியவில்லை. இரண்டாவது விளக்கு என்றால் தலைக்குப் பின்னால் வைக்கிற ரிம் லைட் என்றுதான் அதுவரை எனக்குப் பழக்கம். இங்கே அது கைக்குப் போனதில் எனக்கு மிகுந்த திருப்தி.

நிறம்

மருமகன் நல்ல மனிதர். படத்தைப் பார்த்துவிட்டு மெல்ல என்னருகில் வந்து, "கொஞ்சம் கலரா பண்ணிப்போடுங்க" என்றார். இதை வாரத்துக்குப் பத்துப் பேர் கேட்கிறார்கள். நானும் பல வருடம் மறுக்காமல் செய்து கொடுத்திருக்கிறேன், அதற்காக வருத்தப்படுகிறேன்.

கேமராவின் உள் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த முகமும் இருண்ட திரையும் சேர்ந்தால், ஒளி போதவில்லை என்று நினைத்துக் கூட்டிவிடும், தோல் வெளிறிப்போகும். முகத்தருகில் மீட்டரைப் பிடித்து விழுகிற ஒளியை அளந்தால் இந்தக் குழப்பம் இல்லை, தோல் தன் நிறத்திலேயே வரும். அப்புறம் கறுத்த தோலில் வடிவத்தைக் காட்டுவது நிழலைவிட மினுமினுப்புத்தான். கன்ன எலும்பின் மேலும், நெற்றியின் ஓரத்திலும், மூக்குத் தண்டிலும் அந்த வேட்டி அகலமாக, மெத்தென்று பிரதிபலித்தது. சின்ன விளக்காக இருந்திருந்தால் அதே இடங்களில் வியர்வைப் புள்ளி மாதிரி பளிச்சிட்டிருக்கும். வெளுக்க வைத்தால் முதலில் அழிவது இந்த மினுமினுப்பு, அதோடு முகத்தின் வடிவமும் போய்விடும்.

விளக்கிச் சொல்வதைவிடக் காட்டுவது நல்லதென்று 4க்கு 6 அங்குலத்தில் இரண்டு பிரிண்ட் போட்டேன், ஒன்று எடுத்தபடி, மற்றது வெளுத்தது. மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மருமகன் இரண்டையும் பார்த்தார், பெரியவர் முகத்தையும் பார்த்தார், எடுத்தபடி இருந்ததைக் கையில் எடுத்துக்கொண்டார்.

மாட்டிய இடம்

நாற்பது நிமிடத்தில் 31 படம் எடுத்திருந்தேன். தேர்ந்தது 27ஆவது. அப்போது வெளியே வண்டி நிறுத்திவிட்டுப் பேத்தி உள்ளே நுழைந்தார், பெரியவர் தலையைத் தூக்கினார்.

பளபளப்புக் காகிதம் வேண்டாம் என்று மினுக்கமில்லாத மேட் காகிதத்தில் அச்சடித்து, எதிரொளிக்காத கண்ணாடி போட்டு, பவானிக்கு நானே எடுத்துப் போனேன். பெரியவர் படத்தைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொல்லி, எதிரில் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் தன் இடக் கன்னத்தைத் தொட்டு, "ஏனுங்க தம்பி, அங்க கதவு இருக்குதுங்களா?" என்று கேட்டார். வேட்டி கட்டிய கதையைச் சொன்னேன். "தறியில இந்தக் கன்னத்துலதான் வெளிச்சம் உளுகும்" என்றார்.

கூடத்தில் டிவிக்கு மேலே ஆணி ஏற்கெனவே அடித்திருந்தார்கள். அந்தச் சுவருக்கு இடப்பக்கம் ஜன்னல். படத்தில் ஒளி வலப்பக்கத்திலிருந்து வருகிறது. எதிர்ச் சுவரில் மாட்டினால் ஜன்னல் படத்துக்கு வலப்பக்கம் வரும், அறையின் வெளிச்சமும் படத்தின் வெளிச்சமும் ஒரே திசையில் சேரும் என்றேன். மருமகன் ஆணியைப் பிடுங்கி எதிர்ச் சுவரில் அடித்தார்.